சுண்ணாம்புப் பாறையில காணாம போன காலத்தை எப்படி கண்டுபிடிக்கிறது: கோத்தகிரியிலேர்ந்து கிளம்புறவங்களுக்கு

போன மழையில எங்க ஊருக்கு மேல ரோட்டோர மண்ணு சரிஞ்சு விழுந்துச்சு. மறுநாள் ஜேசிபி வந்து வழிச்சுட்டு போனதும் ரெண்டு ஆள் உயரத்துக்கு வெட்டு முகம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அடியில உளுத்துப்போன செம்பாறை, அதுக்கு மேல ஒரு ஜாண் கருப்பு மண்ணு, அதுக்கு மேல ஆறடிக்கு கல்லும் மண்ணும் கலந்து கிடக்குற பழைய சரிவு, அதுக்கும் மேல திரும்ப கருப்பு மண்ணு, அதுல தேயிலைச் செடி. என்கூட வந்த காலேஜ் பசங்ககிட்ட இதுல எந்த அடுக்கு அதிக காலம் எடுத்திருக்கும்னு கேட்டேன், எல்லாரும் அந்த ஆறடியத்தான் காட்டினாங்க. ஆறடி சரிவு விழ ஒரு நிமிஷம் கூட ஆயிருக்காது. நடுவுல இருக்குற அந்த ஒரு ஜாண் கருப்பு மண்ணுதான் ஒரு காலத்துல தரையா இருந்து, புல்லு முளைச்சு, காய்ஞ்சு, மக்கி, திரும்ப முளைச்சு, தலைமுறை தலைமுறையா உருவானது. காலம் எல்லாம் அந்த பட்டையிலதான் இருக்கு, தடிப்பா தெரியுற அடுக்குல இல்ல.

இத முதல்ல சொல்லக் காரணம், பழைய சுண்ணாம்புப் பாறைய படிக்கிறதும் இதே கண்ணுதான். நிறைய பேர் அடுக்கை அளக்குறாங்க, நிறம் எழுதுறாங்க, ஃபாசில் பொறுக்குறாங்க, ஆனா ரெண்டு அடுக்குக்கு நடுவுல இருக்குற கோட்டை, அதாவது காலம் காணாம போயிருக்குற இடத்தை, பென்சிலால ஒரு நேர்கோடா இழுத்துட்டு அடுத்ததுக்கு போயிடுறாங்க. நானும் முதல் தடவை அரியலூர் போனப்ப அப்படித்தான் செஞ்சேன், வீட்டுக்கு வந்து நோட்டை விரிச்சா தடிமனும் நிறமும் மட்டும் இருந்துச்சு, கோட்டைப் பத்தி ஒரு வரி கூட இல்ல, திரும்ப அவ்வளவு தூரம் போக வேண்டியதா போச்சு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் இத எழுதுறேன்.

நீலகிரியில இதுக்கு பாறை கிடைக்குமான்னு கேட்டா கிடைக்காது. நம்ம மலை முழுக்க சார்னோக்கைட், சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்குள்ள 25 கிலோமீட்டருக்கும் ஆழத்துல வெந்து உருவானது, கடல்ல அடுக்கடுக்கா படிஞ்சது இல்ல. கீழ இறங்குனா கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரையில சுண்ணாம்புக்கல் இருக்கேன்னு சொல்வீங்க, இருக்கு, சிமெண்டுக்கு எடுக்குறாங்க, ஆனா அதுவும் சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறி மார்பிள் மாதிரி படிகமா ஆயிடுச்சு, ஃபாசிலும் போச்சு, பழைய கடல்தரையோட அடையாளமும் போச்சு, இந்த வேலைக்கு ஆகாது. நாம போக வேண்டியது திருச்சி தாண்டி லால்குடி வழியா கல்லக்குடி, அப்புறம் அரியலூர். கல்லக்குடியில 10 கோடி வருஷத்துக்கு கொஞ்சம் மேல வயசான பவளமும் பாசியும் கட்டுன சுண்ணாம்புக்கல், அரியலூர்ல கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல், அது சுமார் 7 கோடி வருஷம், கிரைஃபியாங்குற சிப்பி படுக்கை படுக்கையா கிடக்கும்.

ஆனா கண்ணை பழக்குறதுக்கு நம்ம மலையே போதும், அத முதல்ல முடிச்சுட்டு இறங்குங்க. மழைக்கு அப்புறம் புதுசா வெட்டுன ரோட்டோரம் எதாவது பாருங்க, பாதுகாப்பா தள்ளி நின்னுதான், ஈரமா இருக்குற மண்சுவருக்கு அடியில போய் நிக்கவே கூடாது, 2009 நவம்பர்ல இந்த மலை பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. அந்த முகத்துல மூணு விஷயம் தேடுங்க. கருப்பு பட்டையோட மேல்விளிம்பு கத்தி வெட்டுன மாதிரி இருக்கா, இல்ல மெல்ல மங்குதா? கீழ இருக்குற அடுக்கோட துண்டு மேல இருக்குற அடுக்குல கலந்து கிடக்கா? பழைய வேர் போன ஓட்டை எந்த மட்டத்துல ஆரம்பிக்குது? சார்னோக்கைட் மேலயே நேரா போன மாசத்து சரிவு மண்ணு உக்காந்திருக்குற இடமும் கிடைக்கும், அந்த ஒத்தைக் கோட்டுல 250 கோடி வருஷம் காணோம். வெந்த பாறை மேல படிவு உக்காந்தா அதுக்கு நான்கன்ஃபார்மிட்டின்னு பேரு, பாடப்புத்தகத்துல படிக்குறத விட அத விரலால தொட்டுப் பாக்குறது நல்லா நிக்கும்.

காலம் காணாம போன கோட்டுக்கு பொதுப்பேர் அன்கன்ஃபார்மிட்டி, அதோட வகைப் பேரெல்லாம் சுருக்கமா சொல்லிடுறேன். கீழ அடுக்கு சாஞ்சிருந்து மேல அடுக்கு படுத்திருந்தா ஆங்குலர் அன்கன்ஃபார்மிட்டி, 1788-ல ஜேம்ஸ் ஹட்டன் ஸ்காட்லாந்துல சிக்கர் பாயிண்ட்ல பாத்தது அதுதான். ரெண்டும் ஒரே சாய்வுல இருந்து நடுவுல அரிச்ச மேடு பள்ளம் தெரிஞ்சா டிஸ்கன்ஃபார்மிட்டி. ரெண்டும் ஒரே சாய்வு, அரிப்பும் தெரியல, ஆனா காலம் மட்டும் இல்லன்னா பாராகன்ஃபார்மிட்டி. அடுக்குக்குள்ளயே சின்னச்சின்னதா வர்ற இடைவெளிக்கு 1917-ல ஜோசப் பாரல் டயஸ்டெம்னு பேர் வச்சார். சுண்ணாம்புப் பாறையில உங்களை ஏமாத்தப் போறது கடைசி ரெண்டும்தான்.

கையில என்ன எடுத்துட்டுப் போகணும்? 10 மடங்கு லென்ஸ், டேப், பழைய பேனாக்கத்தி, பாறைய துடைக்க ஒரு பழைய காட்டன் துணி, ரெண்டு லிட்டர் தண்ணி கூடுதலா (குடிக்கிறதுக்கு தனி), மார்க்கர், ஜிப் கவர், சின்ன டிராப்பர் பாட்டில்ல 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஆசிட்டை காலேஜ் லேப்லயே கலந்து வாங்கிக்கங்க, நீங்களே கலக்குற நிலைமை வந்தா தண்ணியிலதான் ஆசிட்டை ஊத்தணும், ஆசிட்ல தண்ணிய ஊத்துனா தெறிக்கும், கண்ணாடி போடாம செய்யவே கூடாது. ஒரு சொட்டு விட்டா சுண்ணாம்புக்கல் பொங்கும், டாலமைட்னா (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை) சும்மா இருக்கும், கத்தியால சுரண்டி பொடியில விட்டா மெல்ல நுரைக்கும். குவாரிக்குள்ள போறதுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும், ஹெல்மெட்டும் ஷூவும் கட்டாயம், வெடி வைக்கிற நேரம் கேட்டுக்கணும், அவங்க காட்டுற பெஞ்சுல (குவாரியில படி மாதிரி வெட்டுன தளம்) மட்டும்தான் வேலை.

முகத்துக்கு முன்னாடி போனதும் உடனே கிட்ட போகாதீங்க. பத்து இருபது அடி தள்ளி நின்னு அஞ்சு நிமிஷம் சும்மா பாருங்க. அடுக்கு எங்க திடீர்னு மாறுது, எந்தக் கோடு ரொம்ப தூரம் ஓடுது, எது நடுவுலயே செத்துப்போகுது, எந்தக் கோட்டுக்கு மேல கீழ நிறம் வேற. போட்டோ எடுத்து அதுமேலயே கோடு வரைஞ்சு ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போடுங்க. அப்புறம் ஒவ்வொரு கோட்டுக்கா போய் ஈரத்துணியால துடைச்சுட்டு லென்ஸ் வச்சுப் பாருங்க. ஈரமான சுண்ணாம்புக்கல்லுல காய்ஞ்சப்ப தெரியாத பாதி விஷயம் தெரியும், அதுக்குத்தான் அந்த கூடுதல் தண்ணி.

கோட்டுகிட்ட போனதும் முதல் கேள்வி, இங்க படிவு நின்னப்ப இது கடலுக்குள்ள இருந்துச்சா, இல்ல வெளிய வந்து வெயிலும் மழையும் பட்டுச்சா? இந்த ஒண்ணை சரியா பிரிச்சுட்டா மத்ததெல்லாம் அதுபின்னாடி வரும்.

கடலுக்குள்ளயே நின்ன இடத்துல ஹார்ட்கிரவுண்ட் கிடைக்கும். மண்ணு வந்து விழுறது நின்னுபோய், மணலுக்கு நடுவுல சுண்ணாம்பு படிஞ்சு ஒட்டவச்சு (இதத்தான் இங்க சிமெண்ட்னு சொல்றேன்) கடல்தரை அங்கயே கல்லா இறுகிடும், அதுமேல தண்ணி இருக்கும்போதே. இன்னிக்கும் பாரசீக வளைகுடாவுல ஆழமில்லாத கடல்ல இது நடந்துட்டுத்தான் இருக்கு. இறுகுன தரையில துளை போடுற ஜீவன்கள் வந்து உக்காரும், சிப்பி ஒட்டிக்கும், கடல் லில்லியோட அடிக்கட்டை ஒட்டிக்கும், இரும்போ பாஸ்பேட்டோ படிஞ்சு துருப்பிடிச்ச தகரம் மாதிரி ஒரு பூச்சு வரும், சில இடத்துல கிளாகோனைட்டுங்குற பச்சைத் தாது. இதுல நான் எப்பவும் நேரம் எடுத்து பாக்குறது துளையோட ஓரத்தைத்தான். புழு மெத்துன்னு இருக்குற சேத்துல போனா சிப்பித்துண்டை சுத்திக்கிட்டுப் போகும், துண்டை ஒதுக்கும், சுவரு நெளிஞ்சிருக்கும். கல்லா இறுகுன பிறகு துளை போட்டா சிப்பி, மணல், சிமெண்ட் எதையும் பாக்காம டிரில் பிட் போன மாதிரி எல்லாத்தையும் ஒரே வெட்டா வெட்டியிருக்கும். லென்ஸ்ல பாத்து ஒரு சிப்பி ஓடு துளையோட சுவர்ல பாதியா அறுபட்டு நிக்கிறதைக் காட்டிட்டீங்கன்னா, மேல அடுக்கு வர்றதுக்கு முன்னாடியே கீழ இருந்தது கல்லுன்னு நிரூபிச்சாச்சு, அதுக்கு மேல வேற சாட்சி தேவையில்ல. அந்தத் துளைக்குள்ள என்ன நிரம்பியிருக்குன்னும் பாருங்க, மேல அடுக்கோட மணலே உள்ள இறங்கியிருந்தா கோர்வை முழுசாயிடும். மேல அடுக்கோட அடியில கூழாங்கல் இருந்தா எடுத்து நாலு பக்கமும் திருப்புங்க, எல்லாப் பக்கமும் துளை இருந்தா அது கடல்தரையில ரொம்ப நாள் உருண்டு புரண்டு கிடந்த கல்லு.

வெளிய வந்த இடம் வேற கதை. சுண்ணாம்பு நிலம் தண்ணிய விட்டு வெளிய வந்ததும் மழைத்தண்ணி அத கரைக்க ஆரம்பிக்கும், குழியும் பொந்துமா ஆகும், அதுல செம்மண்ணு இறங்கும், வேர் இறங்கும். அதனால தேட வேண்டியது கோட்டுக்கு கீழ, மேல இல்ல. கீழ் அடுக்கோட தலையில குழி, குழிக்குள்ள செம்மண்ணு இல்லன்னா பச்சைக்களி, பென்சில் தடிமனுக்கு கிளை பிரியுற வேர்க்குழாய், கருகுன மாதிரி கருப்பு கூழாங்கல், ஒரு விரக்கடைக்கும் குறைவா அடுக்கடுக்கா தவிட்டு நிற ஓடு. மெல்லிய ஸ்லைடு வெட்டி மைக்ராஸ்கோப்ல பாக்க முடிஞ்சா இன்னொண்ணு தெரியும். நம்ம ஊர்ல பனி இறங்குன காலையில தகர ஷீட் ஓரத்துல துளி தொங்குமே, அதே மாதிரி மணலோட அடிப்பக்கத்துல மட்டும் கால்சைட் சிமெண்ட் தொங்கிட்டு இருக்கும். கடலுக்குள்ள நிரம்புன தண்ணியில சிமெண்ட் மணலை சுத்தி சமமா வளரும், காத்தும் தண்ணியும் கலந்த இடத்துலதான் இப்படி தொங்கும். லேப் வசதி இருந்தா கார்பன் ஐசோடோப் பாக்கலாம், செடி வளர்ந்த மண்ணுக்கு அடியில இருக்குற சுண்ணாம்புல கனமான கார்பன் குறைஞ்சு காட்டும். இதே கார்பனை வச்சுத்தான் நம்ம ஊட்டிக்கு பக்கத்துல சாண்டிநல்லா பீட் மண்ணுல (செடி மக்கி சேர்ந்த ஈர மண்ணு) எப்ப புல்வெளி அதிகம், எப்ப சோலை அதிகம்னு படிச்சாங்க, 1993-ல அது நேச்சர் பத்திரிகையில வந்துச்சு.

இங்க நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு பொறி இருக்கு. அரியலூர் வட்டாரத்துல காட்டு மேட்டுல எல்லாம் சுக்கான்கல் இருக்கும், இன்னிக்கு வெயில்ல மண்ணுக்குள்ள உருவாகுற சுண்ணாம்புக் கட்டி. அது விரிசல் வழியா கீழ இறங்கி 7 கோடி வருஷத்துப் பாறைக்குள்ளயும் போய் ஒட்டிக்கும். பழைய காலத்து கால்க்ரீட் (சுக்கான்கல் மாதிரி மண்ணுக்குள்ள உருவான சுண்ணாம்பு ஓடு) கிடைச்சுதுன்னு ஒரு பையன் ஓடி வந்தான், "அக்கா இங்க பாருங்க"ன்னு. அந்த வெள்ளைப் பட்டையை மேல நோக்கி தொடர்ந்து பாத்தா அது இன்னிக்கு இருக்குற உழவு மண்ணுலேர்ந்துதான் இறங்கியிருந்துச்சு. விதி இதுதான், அந்த ஓடு அல்லது வேர்க்குழாய மேல இருக்குற பழைய அடுக்கு வெட்டியிருக்கணும், இல்ல மூடியிருக்கணும். மேல அடுக்கையும் துளைச்சுட்டு இறங்குனா அது புதுசு, விட்டுடுங்க.

இன்னொரு பொறி ஸ்டைலோலைட். இசிஜி கோடு மாதிரி மேலயும் கீழயும் பல்லு பல்லா, உள்ள கருப்பா களி ஒட்டியிருக்கும். ஆழத்துல புதைஞ்ச பிறகு அழுத்தத்துல பாறை கரைஞ்சு ரெண்டு பக்கமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பல்லு பதிஞ்சதால வர்றது, கரையாத களி மட்டும் மிச்சம். பாறை குறைஞ்சிருக்கு, ஆனா படிவு நின்ன காலம் இல்ல. துளை இல்ல, ஒட்டுன சிப்பி இல்ல, கூழாங்கல் இல்ல, பல்லு மட்டும் இருந்தா ஸ்டைலோலைட். ஆனா இதுலயும் அவசரப்படாதீங்க, பழைய ஹார்ட்கிரவுண்ட் மேலயே ஸ்டைலோலைட் வர்றது உண்டு, ஏன்னா ரெண்டு பக்கமும் கடினம் வேற வேறயா இருக்குற இடத்துலதான் அழுத்தம் வேலை செய்யும். அதனால பல்லு தெரிஞ்சதும் அடிச்சுட்டுப் போகாம, ஒரு அஞ்சு மீட்டர் ரெண்டு பக்கமும் நடந்து, பல்லு மங்குற இடத்துல துளை இருக்கான்னு ஒரு தடவை தேடிடுங்க.

எதுவுமே தெரியாத கோடு ஒண்ணு இருக்கு, அதுதான் கஷ்டம். அமெரிக்காவுல கிராண்ட் கேன்யன்ல மூவாவ் சுண்ணாம்புக்கல் மேல ரெட்வால் சுண்ணாம்புக்கல் உக்காந்திருக்கு. ரெண்டும் படுக்கையாத்தான் இருக்கு, தூரத்துலேர்ந்து பாத்தா ஒரே சுவரு. கீழ இருக்குறது கேம்ப்ரியன், சுமார் 50 கோடி வருஷம், மேல இருக்குறது சுமார் 34 கோடி. நடுவுல சுமார் 16 கோடி வருஷத்துக்கு ஆர்டோவீசியன், சைலூரியன் காலத்துப் பாறை எதுவும் இல்ல. சில இடத்துல மட்டும் மூவாவ் தலையில அரிச்ச வாய்க்கால் இருக்கு, அதுக்குள்ள டெம்பிள் பியூட்னு டெவோனியன் காலத்துப் படிவு நிரம்பியிருக்கு. அந்த வாய்க்கால் இல்லாத இடத்துல நின்னுட்டிருந்தா இடைவெளி இருக்குன்னு கண்ணுக்கே தெரியாது, கீழயும் மேலயும் இருக்குற ஃபாசில்தான் சொல்லும். அதனால கோடு சாதாரணமா இருந்தாலும் அதுக்கு ஒரு ஜாண் மேலயும் ஒரு ஜாண் கீழயும் சாம்பிள் எடுங்க, நடுவுல இருந்து எடுத்த நல்ல ஃபாசில விட அந்த ரெண்டு சாம்பிளும் பெருசு.

இதனாலதான் ஒரே இடத்துல நிக்காம கோட்டை பக்கவாட்டுல பின்தொடரணும். இதுக்கும் நம்ம மலைதான் உதாரணம். சரிவுல பாத்தா மண்ணு வர்றதும் போறதுமா இருக்கும், பதிவு துண்டு துண்டாத்தான் இருக்கும், ஆனா சாண்டிநல்லா மாதிரி தண்ணி நிக்கிற பள்ளத்துல பீட் மெல்ல மெல்ல ஏறி 40 ஆயிரம் வருஷத்துக்கும் மேல பதிவு வச்சிருக்கு. பழைய கடல்லயும் அப்படியே. மேடான இடத்துல ரொம்ப காலம் காணாம போயிருக்கும், அதே கோடு ஆழமான பக்கம் போகப்போக இடைவெளி சுருங்கி, சில நேரம் தொடர்ச்சியான படிவா மாறிடும். மேட்டுல ஒரு கோடு, பள்ளத்துல பத்து மீட்டர் களிமண். ரெண்டும் ஒரே காலம்.

எவ்வளவு காலம் காணோம்னு கணக்கு போடுறப்ப தடிமனை வேகத்தால வகுக்காதீங்க, நிறைய பேர் செய்யுற தப்பு இது. உயிரோட இருக்குற பவளப்பாறை 1000 வருஷத்துல ஒரு மீட்டர் சுலபமா ஏறும், அதுக்கு மேலயும் ஏறும். அந்த வேகத்துல 100 மீட்டர் சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு லட்சம் வருஷம் போதும். ஆனா ஃபாசிலை வச்சுப் பாத்தா அதே 100 மீட்டர் பல இடத்துல சில பத்து லட்சம் வருஷத்தைக் காட்டும். மீதி எங்க போச்சு? கோடுகள்லதான். 1981-ல பீட்டர் சாட்லர் ஆயிரக்கணக்கான படிவு வேகத்தை சேத்துப் பாத்து, அளக்குற காலம் நீள நீள வேகம் குறைஞ்சுட்டே வருதுன்னு காட்டினார், நீள காலத்துக்குள்ள அவ்வளவு இடைவெளி ஒளிஞ்சிருக்கு. பஹாமாஸ் தீவுகள் இருக்குற ஆழமில்லாத சுண்ணாம்பு மேடையை எடுத்துக்கங்க, 1 லட்சத்து 25 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அது கடலுக்குள்ள இருந்துச்சு, அப்புறம் கடல் இறங்கிடுச்சு, 20 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு, கடைசி சில ஆயிரம் வருஷமாத்தான் திரும்ப மேல தண்ணி நிக்குது. இன்னிக்கு படியுற வெள்ளை மணலுக்கும் கீழ இருக்குற பழைய கல்லுக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு லட்சம் வருஷம் ஒரே கோட்டுல இருக்கு, அந்தக் கோட்டுல சகாரா தூசியால வந்த செம்மண்ணும் இருக்கு.

ஆகவே வீட்டுக்கு வந்ததும் ரெண்டு படம் வரைங்க. முதல் படத்துல செங்குத்தா மீட்டர், வழக்கமா வரையுறது. ரெண்டாவதுல செங்குத்தா காலம், 1958-ல ஹாரி வீலர் சொன்ன மாதிரி. அதுல பாறை இருக்குற காலத்துக்கு மட்டும் நிறம் அடிங்க, இல்லாத காலத்தை வெள்ளையா விடுங்க. முதல் தடவை வரைஞ்சப்ப பசங்க அமைதியாயிட்டாங்க, பேப்பர்ல பாதிக்கு மேல வெள்ளை. ஒரு பொண்ணு மட்டும் "இவ்ளோ நாள் கடல் சும்மாவா இருந்துச்சு?"ன்னு கேட்டா. சும்மா இல்ல, அரிச்சுட்டு இருந்துச்சு, துளை போட்டுட்டு இருந்துச்சு, மழை கரைச்சுட்டு இருந்துச்சு, அதத்தான் கோட்டுல படிக்கிறோம்.

அரியலூர்ல இந்த ரெண்டாவது படத்தை கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லுலேர்ந்து மேல நினியூர் சுண்ணாம்புக்கல் வரைக்கும் வரைஞ்சு பழகுங்க. நடுவுல கல்லமேடுங்குற, டைனோசர் எலும்பு கிடைச்ச நிலப்படிவு வரும், அப்புறம் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச கிரெட்டேசியஸ் காலத்தோட எல்லை. கடல் போய் நிலமாகி திரும்ப கடல் வந்த இடம் அது, வெள்ளையா விட வேண்டிய பகுதி இல்லாம அத வரையவே முடியாது.

சாம்பிள் கட்டுறப்ப கல்லு மேலயே மார்க்கர்ல மேல்பக்கம் எதுன்னு அம்புக்குறி போடுங்க, பாறையிலேர்ந்து பேத்து எடுக்குறதுக்கு முன்னாடியே. கவருல கோட்டோட நம்பரும், மேலயா கீழயான்னும் எழுதுங்க. மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரிக்கு ஏறுறப்ப வளைவுக்கு வளைவு பை உருளும், அம்பு இல்லாத கல்லு மேல வந்து சேந்தா தொங்குற சிமெண்ட் எந்தப் பக்கம் தொங்குச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.